என்.ஓ.சி. கேட்காத கேள்விகள்

என் அக்கா ராசிபுரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் மகளுடைய பிரசவத்துக்காக நியூஜெர்சி கிளம்பினார். பயணம் முடிவான நாளிலிருந்து வீட்டில் இரண்டு வேலை நடந்தது. ஒன்று, பிரசவ லேகியமும் சுண்டைக்காய் வற்றலும் மூட்டை கட்டுவது. இன்னொன்று, துறையிடமிருந்து என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்று வாங்குவது. மூட்டை நாலு நாளில் தயார். என்.ஓ.சி. வர ஏழு வாரம் ஆயிற்று.

அந்த ஃபைலை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எந்த நாடு, எத்தனை நாள், என்ன காரணம், செலவு யாருடையது, பணம் எங்கிருந்து வருகிறது, இதற்கு முன் வெளிநாடு போனதுண்டா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் உண்டா, வாங்கிய முன்பணம் பாக்கி உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் யார் செலவில் எங்கே போகிறார் என்று அரசு கேட்கத்தான் வேண்டும். ஆனால் இருபத்துச் சொச்சம் தாள் இருந்த அந்தக் கட்டில் ஒரு தாள்கூட, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மாத்திரை எத்தனை நாளைக்கு எடுத்துப் போகிறீர்கள், அங்கே உடம்புக்கு ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. மூன்று மாத மாத்திரையையும், அட்டையோடு வைத்தால் இடம் அடைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கொட்டினார். டப்பாவைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஏர்போர்ட்டில் ஒப்படைத்துவிட்டார். விமானம் மாறும் ஊரில் பெட்டி தங்கிவிட்டது. வந்து சேர நாலு நாள். கையில் மருந்துச் சீட்டு இல்லை. மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "காலையில வெள்ளை, ராத்திரி ரோஸு" என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. மூன்றாம் நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி, தன் அம்மாவைத் தாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். ஏஜென்ட் சொன்னார் என்று எடுத்திருந்த பயணக் காப்பீடு, முன்பே இருக்கிற நோய்க்குச் செல்லாது என்று கைவிரித்தது. பில், அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

அக்கா பிழைத்து வந்தார், பேத்தியைத் தூக்கினார், எல்லாம் சுபம். ஆனால் ஏழு வாரம் அலைந்து வாங்கிய ஃபைலில் இந்த நாலு நாளுக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை.

யார் போகிறார்கள்?

ஒரு காலத்தில் வெளிநாடு போகும் அரசு ஊழியர் என்றால் கோட்டையில் இருக்கும் செயலாளர்தான் நினைவுக்கு வருவார். அவருக்கு வெள்ளை நிற அலுவல் பாஸ்போர்ட், இறங்கியதும் தூதரகக் கார், கூடவே உதவியாளர். இன்று சேலம், நாமக்கல் சமவெளியில் பெட்டி கட்டுகிறவர் வேறு ஆள். 2024 அக்டோபரில் 'கனவு ஆசிரியர்' விருது பெற்றவர்களில் 50-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களை, அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியோடு பள்ளிக் கல்வித் துறை பிரான்சுக்கு அனுப்பியது. பாரிசைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள் நேரில் போய் நின்றார்கள். ஆண்டுதோறும் ஹஜ் பயணிகளுக்கு உதவியாக அரசு ஊழியர்கள் சவுதிக்குப் பணியாகப் போகிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கருத்தரங்குக்கும் பயிற்சிக்கும் போகிறார்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்பது அக்காவைப் போன்றவர்கள்தான். கிராம நிர்வாக அலுவலர், செவிலியர், மின்வாரிய ஊழியர், சத்துணவு அமைப்பாளர் என்று ஒரு தலைமுறை சிறுகச் சேர்த்துப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது சிங்கப்பூரிலும் டாலஸிலும் இருக்கிறார்கள். ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்து, ஐம்பது வயதுக்கு மேல், பெரும்பாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் விமானம் ஏறுகிறார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் விமானப் பயணமும் முதல் சர்க்கரை மாத்திரையும் ஏறக்குறைய ஒரே வயதில் வந்து நிற்கின்றன. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணத்தில் கால் நரம்பில் ரத்தம் கட்டும் ஆபத்து இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே ஆய்வு செய்து சொல்லிவிட்டது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர், உடம்பு பருத்தவர் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நம் பெண்கள் செய்கிற ஒரு காரியம் இதைக் கெடுக்கிறது. பாத்ரூம் போக வெட்கப்பட்டும், பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டும் பதினாலு மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அக்காவும் அப்படித்தான் இருந்தார். எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வழிப்பாதைப் பக்கம் இருக்கை கேட்டு வாங்க வேண்டும். எழுந்து நடக்க யாரும் காசு கேட்பதில்லை.

அங்கே ஆஸ்பத்திரி, இங்கே அட்டை

மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அந்தக் காப்பீடு இருக்கிறதே என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூலையில் தொடங்கிய அந்தப் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 5 லட்சம் வரைக்கும், குறிப்பிட்ட பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரைக்கும் கை கொடுக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். ஆனால் அந்த அட்டையைப் பாரிசிலும் பாஸ்டனிலும் நீட்ட முடியாது. ஆகவே பயணக் காப்பீடு தனியாக எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு எதையும் மறைக்கக் கூடாது. சொன்னால் பிரீமியம் கூடுமே என்று ஏஜென்ட்டே சில சமயம் மறைக்கச் சொல்வார். அன்றைக்கு மிச்சமாகும் சில ஆயிரம், ஆஸ்பத்திரி வாசலில் சில லட்சமாகத் திரும்பி வரும். முன்பே உள்ள நோய் திடீரென்று மோசமானால் காப்பீடு தருமா என்ற ஒரு வரியைப் பாலிசியில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிய ஒரு சட்டம் உண்டு. அதை அறிந்த ஊழியர்கள் குறைவு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 6-ஆவது பிரிவு. வெளிநாட்டில் இருக்கும்போது அந்நாட்டு அரசோ நிறுவனமோ தரும் தங்குமிடம், சாப்பாடு, பயணம், மருத்துவம் போன்ற விருந்தோம்பலை, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் ஏற்கக் கூடாது. அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களில் வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் பயணத்தில் திடீரென்று நோய் வந்து அவசர சிகிச்சை பெற நேர்ந்தால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சையை ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தகவல் எழுதினால் போதும். கருத்தரங்குக்கு அழைத்த பல்கலைக்கழகம் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறேன் என்று முன்வரும்போது, வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று நெஞ்சு வலியோடு யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உயிரைக் காக்கத்தான் சட்டமே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. இதை என்.ஓ.சி. கடிதத்தின் கீழே இரண்டு வரியாக அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

மருந்துப் பெயர் விஷயமும் அப்படித்தான். டோலோ என்று அமெரிக்க மருந்துக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். நாம் பாராசிட்டமால் என்பதற்கு அங்கே பெயர் அசிட்டமினோஃபென். கம்பெனிப் பெயர் கடல் தாண்டாது. மருந்தின் மூலப் பெயர், அளவு, எத்தனை வேளை என்பதை டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு சீட்டு வேண்டும். மாத்திரை அட்டையிலேயே இருக்க வேண்டும், கைப்பையில் இருக்க வேண்டும், பயண நாளைவிடப் பதினைந்து நாள் கூடுதலாக இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் அதைப் பெரிய பெட்டியில் வைத்தால், விமானத்தின் அடிவயிற்றுக் குளிரில் மருந்து உறைந்து கெட்டுப்போகலாம். துபாய் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே இருமலுக்கும் வலிக்கும் டாக்டர் எழுதித் தரும் கோடீன், டிரமடால் கலந்த மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவுக்கும் அங்கே தடை. மூட்டை கட்டும் பாட்டிக்கு இது யாராவது சொன்னால்தானே தெரியும்?

"வெயில் நமக்குப் புதுசா?"

சேலத்துக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். சேர்வராயன் மலையும் கஞ்சமலையும் சுற்றி நின்று சட்டி போல் காயும் ஊர். மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. அந்தப் பழக்கம் தருகிற தைரியம்தான் ஆபத்து. 2024 ஜூன் 17-ஆம் தேதி மெக்காவில் பெரிய பள்ளிவாசல் அருகே பதிவான வெப்பம் 51.8 டிகிரி. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசே அறிவித்தது. அவர்களில் பெரும்பாலானோர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிர்சாதனக் கூடாரமோ பேருந்தோ இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். இந்தியாவிலிருந்து போன சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேரில் 98 பேர் அந்தப் பயணத்தில் பல காரணங்களால் இறந்ததாக வெளியுறவு அமைச்சகம் ஜூன் 21-இல் சொன்னது.

பயணிகளுக்கு உதவியாகப் போகும் அரசு ஊழியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பயணி தன் கடமை முடிந்ததும் கூடாரத்துக்குள் படுத்துவிடலாம். இவர் வழி தவறிய பெரியவரைத் தேடி வெயிலில் நடக்க வேண்டும், மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இரவில் வரும் போனையும் எடுக்க வேண்டும். மற்றவர் உயிரைப் பார்த்துக்கொள்ளப் போனவர் தன் தண்ணீர் பாட்டிலை மறந்துவிடுவார். தாகம் எடுக்கும் முன்பே குடிப்பது, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் வைத்திருப்பது, குடை பிடிப்பது, உச்சி வெயிலில் ஒருவர் மாற்றி ஒருவர் வேலை பார்ப்பது என்று எல்லாம் கிளம்பும் முன் பழக வேண்டியவை. வியர்வை நின்று போய், பேச்சு குழறி, உடம்பு அனலாய்க் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

கூட்டத்தில் பரவும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி, சவுதி போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன் போட்டிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒட்டகப் பண்ணையைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால் போகாமல் இருப்பது நல்லது. பச்சை ஒட்டகப் பால் வேண்டவே வேண்டாம். 2012 முதல் அந்த வட்டாரத்தில் ஆட்களைக் கொன்றுவரும் மெர்ஸ் காய்ச்சல் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது.

காலணியில் வரும் காய்ச்சல்

இனி நாமக்கல் கதை. இந்தப் பகுதிக்கென்று ஆபத்து ஒன்று உண்டு. அது நம்மைத் தாக்குவதைவிட, நம் மூலமாக ஊரைத் தாக்கும்.

நாமக்கல்லில் எந்தக் கோழிப்பண்ணைக்குப் போனாலும் வாசலிலேயே நிறுத்துவார்கள். வண்டிச் சக்கரத்துக்கு மருந்துத் தண்ணீர் அடிப்பார்கள். ஷெட்டுக்குள் நுழையும் இடத்தில் தரையோடு தரையாக ஒரு சிறு தொட்டி இருக்கும். செருப்புக் காலை அதில் முக்கி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் முதல் தடவை போனபோது தொட்டியைத் தாண்டிக் கால் வைத்துவிட்டேன். பண்ணையின் வயதான மேஸ்திரி என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "சாமி, உங்க கால்ல என்ன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாதுங்க. ஒரு லட்சம் கோழி இருக்குதுங்க உள்ள" என்றார். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோயில் ஒரே வாரத்தில் ஷெட் காலியானதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

பறவைக் காய்ச்சல் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நாமக்கல்லிலும் முட்டை விலை சரிந்து விழுந்தது. 2012-இல் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் அரசுப் பண்ணையிலேயே நோய் வந்தது. ஓமான் நாடு இந்திய முட்டைக்குக் கதவடைத்தது. நாமக்கல் ஷெட்டுகளில் ஒரு கோழிக்கும் நோய் இல்லாமலே இவ்வளவு அடி. உள்ளேயே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 2024 மார்ச்சில் இதே பறவைக் காய்ச்சலின் எச்5என்1 கிருமி கறவை மாடுகளிடமும் பரவியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பால் பண்ணைத் தொழிலாளிகளுக்குக் கண் சிவந்தது, காய்ச்சல் வந்தது. 2025 ஜனவரியில் லூசியானாவில் ஒருவர் இறந்தார். கோடிக்கணக்கான கோழிகளை அழித்ததில் அங்கே முட்டைக்குப் பஞ்சம் வந்து, நாமக்கல் முட்டை கப்பலேறி அமெரிக்கா போன அதிசயமும் அந்த ஆண்டில் நடந்தது. அந்த நாட்டுப் பண்ணையை ஒரு கால்நடை மருத்துவர் பயிற்சிக்காகப் பார்த்துவிட்டு, அதே ஷூவோடு ஓரிரு நாளில் நாமக்கல் வந்து இறங்கலாம். கிருமிக்கு விசா வேண்டாம்.

ஆகவே இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விதி கடுமையாக இருப்பதுதான் சரி. அங்கே பண்ணைக்குள் போகும்போது அவர்கள் தரும் உடையும் ரப்பர் பூட்ஸும்தான் போட வேண்டும். போட்ட துணியை அங்கேயே துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஷூவின் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் முக்க வேண்டும். மொபைல் போனையும் மூக்குக் கண்ணாடியையும் துடைக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். திரும்பி வந்த பிறகு குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஐந்து நாள், எந்தக் கோழிப்பண்ணைப் பக்கமும் போகக் கூடாது. அந்த ஐந்து நாளை விடுப்பாகக் கழிக்காமல் பணி நாளாகவே துறை கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. "போய் வந்தீங்களா, நாளைக்கே பண்ணை ஆய்வுக்குப் போங்க" என்று மேலதிகாரி அனுப்பினால், ஊழியரால் மறுக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. நம்மூர் பங்கனப்பள்ளியை மகனுக்காகப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகும் அம்மாக்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். சுங்கத்தில் பிடித்தால் பழம் குப்பைக்குப் போகும், அபராதமும் விழும். அது அவர்கள் நாட்டுத் தோப்புக்கான கால் முக்கும் தொட்டி. பண்ணை வாசலில் காலை முக்கிப் பழகிய நமக்கு அது புரியாதா?

திருச்செங்கோட்டுப் பாடம்

தடுப்பூசி விஷயத்தில் நம் ஊழியர்கள் பாடம் கேட்க வேண்டியது திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கோடு இந்தியா முழுக்கப் போகிற ஆட்கள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகிறார்கள். எட்டாவது படித்த டிரில்லருக்கு அங்கே பல நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும் என்று தெரியும், ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும் என்று தெரியும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு எந்த பஸ் பிடிப்பது என்பதுகூடத் தெரியும். அந்த மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். 2016 ஜூலை முதல் அந்த ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும்.

இந்த ஊசியில் இந்தியா ஏன் இவ்வளவு கண்டிப்பு? மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் வருகிறவரை ஆறு நாள் தனிமையில் வைக்கிறார்கள். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் நம்மூரில் டெங்குவைப் பரப்புகிறது. 2017-இல் டெங்கு சேலத்தைப் போட்டு வாட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொசு தயாராக இருக்கிறது, கிருமி மட்டும் இன்னும் வரவில்லை. அந்தக் கதவைத்தான் சான்று அடைத்து வைத்திருக்கிறது.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. போகும் முன் தொடங்கி, வந்த பின்னும் சில நாள் முதல் சில வாரம் வரை சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்தாயிற்றே என்று நடுவில் நிறுத்துவதால்தான் பலருக்கு வருகிறது. திரும்பி ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "நான் இந்த நாட்டுக்குப் போயிருந்தேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் டைபாய்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் கிளம்பும் முன்பே சொல்ல ஓர் இடம் வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், ஓர் அறையில், வெளிநாடு போகிறவர்களுக்கென்று ஒரு புறநோயாளிப் பிரிவு நடத்தலாம். ஒரு பொது மருத்துவர், ஒரு செவிலியர் போதும். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதித் தருவதும், எந்த நாட்டுக்கு எந்த ஊசி என்று சொல்வதும், முதியவர்களுக்கு ஒரு இ.சி.ஜி. எடுப்பதும் அங்கேயே முடியும். அரசு ஊழியர்களோடு ரிக் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் வரிசையில் நிற்கட்டும்.

பாதுகாப்பு என்றால்

ஆபத்து நோயால் மட்டும் வருவதில்லை. 2005 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் சராஞ்சு, தெலாராம் நெடுஞ்சாலையைப் போட்டுக்கொண்டிருந்தது இந்தியாவின் எல்லைச் சாலைகள் நிறுவனம். அதன் ஓட்டுநர், கேரளத்தைச் சேர்ந்த மணியப்பன் ராமன் குட்டியைத் தாலிபான்கள் கடத்திக் கொன்றார்கள். அவர் பெரிய அதிகாரி இல்லை, ரகசியம் ஏதும் அறிந்தவரும் இல்லை. அரசு வண்டியை ஓட்டினார், அவ்வளவுதான். அதன் பிறகு இந்தியத் தொழிலாளர்களுக்குக் காவலாக இந்தோ திபெத் எல்லைப் போலீஸார் அங்கே போனார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் ஹோட்டல்களில் வெடித்த குண்டுகளில் 11 இந்தியர்கள் இறந்தார்கள். ஓய்வெடுக்கப் போயிருந்த கர்நாடகத்து அரசியல் கட்சிக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊர் அது.

குண்டை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் நடந்த பிறகு, இவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் குடும்பம் தவிப்பதைத் தவிர்க்க முடியும். போகும் நாட்டின் இந்தியத் தூதரக எண்ணை போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வைக்க வேண்டும், போன் தொலைந்தால் தாள்தான் பேசும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியும் வழியை வீட்டில் இருக்கும் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த நாட்டின் அவசர எண் முக்கியம். 108-ஐ மட்டும் பழகிய விரல் நம்முடையது. அமெரிக்காவில் 911, ஐரோப்பாவில் 112, சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகம் அவசரச் சான்று தந்து ஊருக்கு அனுப்பிவைக்கும், நகல் இருந்தால் அது சீக்கிரம் நடக்கும்.

இன்றைய அரசு ஊழியரிடம் திருடத் தகுந்த பொருள், பர்ஸைவிட அவரது போன். அதில் அலுவலக வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பயனாளிகளின் ஆதார் படம் இருக்கிறது, மாணவர் பட்டியல் இருக்கிறது, கடவுச்சொல்லைச் சேமித்து வைத்த அரசு இணையதளம் இருக்கிறது. அரசு ஆவணங்களைக் கூகுள் டிரைவ் போன்ற தனியார் சேமிப்பில் வைக்க வேண்டாம் என்று தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூனில் மத்திய அரசு ஊழியர்களுக்கு விதி வகுத்தது. மாநில ஊழியருக்கும் அது நல்ல புத்திதான். கிளம்பும் முன் அலுவலகக் குழுக்களிலிருந்து ஆவணங்களை அழித்துவிட்டுப் போங்கள். ஏர்போர்ட்டில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபையில் சம்பளக் கணக்கைத் திறக்காதீர்கள். பொது இடத்து யூ.எஸ்.பி. துளையில் சொருகாமல் உங்கள் சார்ஜரையே பயன்படுத்துங்கள். கழுத்தில் அரசு அடையாள அட்டையோடு ஈஃபில் கோபுரம் முன் நின்று அப்போதே முகநூலில் போட்டால், ஊரில் வீடு பூட்டிக் கிடப்பதையும் சேர்த்தே அறிவிக்கிறோம். ஊருக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தொப்பூர் இறக்கம்

காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் 2023 அக்டோபரில் மீண்டும் உயிர் பெற்றது. ஆனால் அது உள்நாட்டுப் பயணத்துக்குத்தான். வெளிநாடு போகிற நம்மவர்கள் சென்னை, கோவை, திருச்சி இல்லையென்றால் பெங்களூருக்கு ஓட வேண்டும். பெங்களூரில் பல விமானங்கள் நள்ளிரவுக்கு மேல்தான் இறங்குகின்றன. அழைத்துவர ஊரிலிருந்து போன டிரைவர் பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டியிருப்பார். பயணியோ இருபது மணி நேரம் தூங்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி வருகிறவர்களுக்கு அது இறக்கம். சரக்கேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள்மேல் ஏறிய செய்தியை இந்த மாவட்டங்களில் படிக்காத வருடமில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் பத்திரமாகப் பறந்து வந்தவர்கள் வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கையில் அந்த இறக்கத்தை அரைத் தூக்கத்தில் கடக்கிறார்கள்.

அக்கா போன மாதம் இரண்டாம் தடவையாக அமெரிக்கா போய்த் திரும்பினார். இந்தத் தடவை என்.ஓ.சி. மூன்று வாரத்தில் வந்துவிட்டது, கேள்விகள் அதேதான். அக்கா மட்டும் மாறியிருந்தார். கைப்பையில் மருந்துச் சீட்டு, அட்டையோடு மாத்திரை, பாலிசி நகல். நான்தான் காரோடு பெங்களூர் போனேன். தர்மபுரி தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடை, மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் தம்பி கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு மணி நேரந்தானுங்க அண்ணா, போயிரலாம்" என்றான். அக்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "வண்டியை ஓரம் கட்டுப்பா. நீ படுத்துத் தூங்கு. விடிஞ்சதும் இறங்கிக்கலாம்" என்றார்.

அவன் சீட்டைச் சாய்த்துப் படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை கேட்டது. நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லாரிகள் ஒவ்வொன்றாக இறக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆறு மணிக்குச் சர்க்கரை போடாத டீ வாங்கி, கைப்பையைத் திறந்து அட்டையிலிருந்து வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். எனக்குக் கேட்கும்படி அதன் பெயரை எழுத்துக் கூட்டி ஒரு தடவை சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டார்.